இலவசச் சேவைகளின் மறைமுக விலை: உங்கள் தரவு எங்கே ஒன்றுசேர்கிறது, அதை எப்படித் துண்டிப்பது

2023 நவம்பரில் மெட்டா நிறுவனம் ஐரோப்பியப் பயனாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டது. பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் வழக்கம்போல இலவசமாகப் பயன்படுத்தப் போகிறீர்களா, அப்படியானால் உங்கள் தரவை வைத்து விளம்பரம் காட்டச் சம்மதம் கொடுங்கள். விளம்பரமே வேண்டாமா, மாதம் 9.99 யூரோ கட்டுங்கள். போன் ஆப் வழியாகக் கட்டினால் 12.99. அதுவரை இலவசமாகவே ஓடிக்கொண்டிருந்த ஒன்றுக்கு முதல்முறையாக விலை ஒட்டப்பட்டது. ஒரு வருடம் கழித்து அதை 5.99 யூரோவாகக் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம், இது உண்மையான தேர்வே இல்லை என்று சொல்லி 20 கோடி யூரோ அபராதம் போட்டது.

ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கிறவர்களிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கூடக் கேட்கவில்லை. விலையை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வழிகாட்டி அந்த விலையைக் குறைப்பதற்கானது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு இணையத்தை விட்டே போகச் சொல்லும் கட்டுரை இல்லை. ஒரே ஒரு கருத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்: ஒரு நிறுவனத்துக்கு உங்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிவதில் பெரிய ஆபத்து இல்லை. பத்து இடங்களில் சிதறிக் கிடக்கும் விஷயங்கள் ஒரே பெயருக்குக் கீழே ஒன்றுசேரும்போதுதான் விலை ஏறுகிறது. அதனால் இங்கே வரும் படிகள் பெரும்பாலும் மறைப்பதைப் பற்றியவை இல்லை, அந்தச் சேர்க்கையைத் துண்டிப்பதைப் பற்றியவை.

சேர்க்கை எப்படி நடக்கிறது

ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று வந்தபோது 1 ஜிபி இடம் கொடுத்தது. மற்றவர்கள் சில எம்பி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மெயிலில் இருக்கும் சொற்களைப் படித்து விளம்பரம் காட்டுகிறார்கள் என்று பெரிய சர்ச்சை எழுந்தது. 2017-இல் கூகுள் அதை நிறுத்துவதாக அறிவித்தது, பலரும் நிம்மதியானார்கள். ஆனால் அதற்குள் வேறு விஷயங்கள் நடந்து முடிந்திருந்தன. 2008-இல் டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனத்தை வாங்கி முடித்தார்கள். கூகுளுக்குச் சொந்தமில்லாத எண்ணற்ற தளங்களில் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியும். 2012 மார்ச்சில் தனித்தனிச் சேவைகளுக்கு இருந்த தனியுரிமைக் கொள்கைகளை ஒன்றாக்கினார்கள். 2016-இல், டபுள்கிளிக் தரவையும் கூகுள் கணக்கில் உள்ள பெயரையும் தனித்தனியாகவே வைப்போம் என்ற வாக்குறுதி கொள்கையிலிருந்து சத்தமில்லாமல் நீங்கியது. மெயிலைப் படிப்பதை விட இது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் இதற்குச் சர்ச்சை கிளம்பவே இல்லை என்று சொல்லுமளவுக்குத்தான் கிளம்பியது.

வாட்ஸ்அப் கதையும் இதேதான். 2014-இல் பேஸ்புக் அதை வாங்கியபோது, இரண்டு கணக்குகளையும் தானாகப் பொருத்திப் பார்க்கும் வசதி தங்களிடம் நம்பகமாக இல்லை என்று ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னார்கள். 2016-இல் போன் நம்பரைப் பேஸ்புக்கோடு பகிரும்படி கொள்கை மாறியது. தவறான தகவல் கொடுத்ததற்காக 2017-இல் 11 கோடி யூரோ அபராதம் வந்தது. அபராதம் கட்டியாயிற்று, சேர்க்கை அப்படியே இருக்கிறது.

சேர்த்த பிறகு என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓர் ஆய்வு போதும். 2013-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 58,000 தன்னார்வலர்களின் பேஸ்புக் 'லைக்'குகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். ஓர் ஆண் தன்பாலின ஈர்ப்புள்ளவரா இல்லையா என்பதை அவர்கள் மாடல் 88 சதவீதம் சரியாகப் பிரித்தது. அவர்களில் பெரும்பாலானோர் அதை வெளிப்படையாகக் காட்டும் எதையும் லைக் செய்திருக்கவில்லை. நாம் சொல்லாததையும் நம் தரவு சொல்லிவிடும் என்பதுதான் இங்கே விலை. "என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை" என்பவர்கள் தாங்கள் சொன்னதை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: முதலில் பில்லைப் பாருங்கள்

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பார்க்காமல் மாற்றினால் எதற்காக மாற்றினோம் என்பது நாலு நாளில் மறந்துவிடும்.

கூகுள் கணக்கில் 'டேட்டா அண்ட் பிரைவசி' பகுதிக்குப் போய் 'மை ஆக்டிவிட்டி'யைத் திறங்கள். நாள், மணி, நிமிடம் வாரியாக வரிசை வரும்: தேடியது, திறந்த ஆப், பார்த்த வீடியோ, மேப்பில் பார்த்த இடம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நோயின் அறிகுறியைத் தேடியிருப்பீர்கள், அதுவும் அந்த நேரத்தோடு இருக்கும். அப்புறம் 'மை ஆட் சென்டர்' பக்கத்தைப் பாருங்கள். உங்கள் வயது வரம்பு, திருமணம், படிப்பு, வீட்டு நிலை, வேலை செய்யும் துறை என்று கூகுள் ஊகித்து வைத்திருப்பது தெரியும். சில தப்பாக இருக்கும். தப்பான ஊகத்தைத் திருத்தத் தோன்றும், திருத்தாதீர்கள். அவர்களுக்கு இலவசமாகப் பிழைதிருத்தம் செய்து கொடுக்கிற வேலை அது. தனிப்பயன் விளம்பரத்தையே அணைத்துவிட்டுப் போங்கள்.

மெட்டாவில் பார்க்க வேண்டிய இடம் கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது. பேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்', அதற்குள் 'யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பெர்மிஷன்ஸ்', அதற்குள் 'யுவர் ஆக்டிவிட்டி ஆஃப் மெட்டா டெக்னாலஜீஸ்'. இங்கே வருவது பேஸ்புக்கில் நீங்கள் செய்தது இல்லை. வெளியே வேறு தளங்களிலும் ஆப்களிலும் நீங்கள் செய்ததை அந்தந்தத் தளங்கள் மெட்டாவுக்கு அனுப்பிய பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஒரு நிறுவனத்தின் பெயர், எத்தனை முறை தகவல் வந்தது என்ற எண். தரவைத் தரவிறக்கிப் பார்த்தால் 'பேஜ் வியூ', 'ஆட் டு கார்ட்', 'பர்சேஸ்' என்று நிகழ்வின் வகையும் தேதியும் இருக்கும். செருப்பு வாங்கிய தளம், கடன் விண்ணப்பத் தளம், உடற்பயிற்சி ஆப், எல்லாம் ஒரே பட்டியலில்.

இதற்கு முக்கியக் காரணம் மெட்டா பிக்சல் என்ற சின்ன நிரல் துண்டு. தளத்தை நடத்துகிறவர் தன் விளம்பரம் வேலை செய்கிறதா என்று பார்க்க அதைப் போட்டுக்கொள்கிறார். 2022-இல் 'தி மார்க்கப்' என்ற செய்தித்தளம் அமெரிக்காவின் 100 முன்னணி மருத்துவமனைகளின் இணையதளங்களை ஆராய்ந்தபோது, 33 தளங்களில் பிக்சல் இருந்தது. மருத்துவரிடம் நேரம் கேட்கும் பொத்தானை அழுத்தியதே மெட்டாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதே பக்கத்தில் பழையதை 'கிளியர்' செய்யவும் இனி வருவதை 'டிஸ்கனெக்ட்' செய்யவும் வழி இருக்கிறது. இரண்டையும் செய்யுங்கள். ஆனால் அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். தகவல் வருவது நிற்காது, உங்கள் கணக்கோடு இணைக்கப்படுவதுதான் நிற்கும். அரைகுறைத் தீர்வுதான், இருந்தாலும் இதுவே இந்தக் கட்டுரையில் உள்ள செட்டிங்குகளில் நேரத்துக்கு அதிகப் பலன் தருவது.

படி 2: கூகுளின் மூன்று குழாய்கள்

'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி', 'டைம்லைன்' (முன்பு இதன் பெயர் 'லொகேஷன் ஹிஸ்டரி'), 'யூடியூப் ஹிஸ்டரி' ஆகிய மூன்றும் தனித்தனி ஸ்விட்ச். ஒன்றை அணைத்தால் மற்றது அணையாது. 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி இதைத்தான் அம்பலப்படுத்தியது: லொகேஷன் ஹிஸ்டரியை அணைத்து வைத்தவர்களின் இருப்பிடமும் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' வழியாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. மேப்பைத் திறந்தால் பதிவு, வானிலை பார்த்தால் பதிவு. 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுத்து கூகுள் அந்த விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டது.

முதலாவதை அணைத்தால் தேடலில் பழைய தேடல்கள் ஞாபகத்துக்கு வராது, மேப்பில் சமீபத்திய இடங்கள் வராது. அந்த வசதி இல்லாமல் கஷ்டமாக இருக்கும் என்றால் அணைக்காமல் 'ஆட்டோ டெலீட்'டை 3 மாதத்துக்கு வையுங்கள். 2020-க்குப் பிறகு தொடங்கிய கணக்குகளில் அது தானாகவே 18 மாதத்தில் இருக்கும். அதற்கு முன் தொடங்கிய கணக்கு என்றால் ஆரம்பத்திலிருந்தே எல்லாம் அப்படியே இருக்க வாய்ப்புண்டு.

படி 3: போன்

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும்.

உங்கள் போனுக்கு ஒரு விளம்பர அடையாள எண் இருக்கிறது. ஒரு விளையாட்டு ஆப், ஒரு கால்குலேட்டர் ஆப், ஒரு செய்தி ஆப் மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையாக இருந்தாலும், மூன்றும் ஒரே எண்ணைப் படிக்கின்றன. சிதறிக் கிடப்பதை ஒன்றுசேர்க்கும் நூல் இந்த எண்தான்.

ஆப்பில் ஒரு விளம்பர இடம் காலியாகும்போது பின்னணியில் ஏலம் நடக்கிறது. போன் மாடல், இயங்குதள வடிவம், ஐபி முகவரி, ஆப்பின் பெயர், அந்த அடையாள எண், அனுமதி கொடுத்திருந்தால் இருப்பிடம், எல்லாம் சேர்த்து ஏலம் கேட்கக்கூடிய நிறுவனங்களுக்குப் போகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏலம் முடிந்து விளம்பரம் வந்துவிடும். ஜெயித்தவர் ஒருவர். தகவல் கிடைத்ததோ பங்கெடுத்த எல்லோருக்கும். தோற்றவர் அந்தத் தகவலை என்ன செய்தார் என்று நீங்கள் போய்க் கேட்க வழி கிடையாது.

"பெயர் இல்லாமல்தானே போகிறது" என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. 2013-இல் சுமார் 15 லட்சம் பேரின் செல்போன் இருப்பிடத் தரவை ஆராய்ந்தவர்கள், இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் தெரிந்தாலே 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று காட்டினார்கள். இரவில் இருக்கும் இடம், பகலில் இருக்கும் இடம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஜோடி உங்களைத் தவிர வேறு யாருக்கும் பொருந்த வாய்ப்பு மிகக் குறைவு.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் 'ஆட்ஸ்' என்று தேடினால் 'டெலீட் அட்வர்டைசிங் ஐடி' வரும். அழித்துவிட்டால் ஆப்கள் கேட்கும்போது வெறும் பூஜ்ஜியங்கள்தான் கிடைக்கும். ஐபோனில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' உள்ளே 'டிராக்கிங்' என்பதில், அனுமதி கேட்கவே ஆப்களை விடாதபடி அணைக்கலாம். ஆப்பிள் 2021 ஏப்ரலில் இந்தக் கேள்வியைக் கட்டாயமாக்கியது. இதனால் 2022-இல் தங்கள் வருமானத்தில் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று மெட்டாவே கணித்தது. ஒரு பொத்தானின் மதிப்பு எவ்வளவு என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. (ஆப்பிளுக்கும் சொந்த விளம்பரத் தொழில் உண்டு, அதற்கான 'ஆப்பிள் அட்வர்டைசிங்' ஸ்விட்ச் தனியாக இருக்கிறது, அதையும் அணையுங்கள்.)

அடுத்து அனுமதிகள். இருப்பிடம் கேட்கும் ஒவ்வொரு ஆப்பையும் பாருங்கள். 'எப்போதும்' என்று இருப்பதை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். வானிலை ஆப்புக்கு நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும், எந்த அறையில் என்று தெரிய வேண்டாம். 'துல்லியமான இருப்பிடம்' என்பதைத் தனியாக அணைக்கலாம்.

தொடர்புப் பட்டியல் அனுமதிதான் என்னைப் பொறுத்தவரை மிக மோசமானது. அதில் இருப்பது உங்கள் தரவே இல்லை, மற்றவர்களுடையது. ஒருவர் எந்தச் சமூக வலைத்தளத்திலும் இல்லாமல் ஒதுங்கி இருந்தாலும், அவர் நம்பரை 'டாக்டர்', 'வக்கீல்', 'சித்தி' என்று சேமித்து வைத்திருக்கும் முப்பது பேர் பட்டியலைப் பதிவேற்றினால் அவர் ஒதுங்கி இருந்து பயனில்லை. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனம் ஒரு வினாடி வினா ஆப் வழியாகப் பேஸ்புக் தரவைப் பெற்ற விவகாரத்தில், அந்த ஆப்பை நிறுவியவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர்தான். நண்பர்கள் பட்டியல் வழியாகத் தரவு போனவர்கள் 8.7 கோடி பேர் வரை என்று 2018-இல் பேஸ்புக்கே சொன்னது.

படி 4: போன் நம்பரும் மெயில் முகவரியும்

விளம்பர எண்ணை அழிக்கலாம். போன் நம்பரை எத்தனை பேர் மாற்றுவார்கள்? அதனால்தான் எல்லோரும் அதைக் கேட்கிறார்கள். பாதுகாப்புக்காக என்று கேட்டு வாங்கிய நம்பர்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக 2022 மே மாதம் ட்விட்டர் 15 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இரண்டடுக்குப் பாதுகாப்பு அவசியம்தான், அதைக் கைவிடாதீர்கள். ஆனால் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக ஆதென்டிகேட்டர் ஆப் (போனிலேயே குறியீடு உருவாக்கித் தருவது) அல்லது பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாதனத்தில் இருக்கும் சாவி) வைத்துக்கொண்டால் நம்பர் கொடுக்கத் தேவை இருக்காது, பாதுகாப்பும் கூடும்.

மெயிலுக்கு மாற்று முகவரிகள் இருக்கின்றன. ஆப்பிளின் 'ஹைட் மை ஈமெயில்', மொசில்லாவின் 'ஃபயர்ஃபாக்ஸ் ரிலே' போன்றவை தளத்துக்கு ஒரு முகவரி உருவாக்கித் தரும். மெயில் உங்கள் பெட்டிக்கே வரும். ஜிமெயில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு ஒரு சொல் சேர்க்கும் தந்திரத்தைப் பலர் சொல்வார்கள். அதை வெட்டி எறிந்து அசல் முகவரியை எடுக்க ஒரு வரி நிரல் போதும், அதனால் நம்ப வேண்டாம்.

'கூகுள் மூலம் உள்நுழைக', 'பேஸ்புக் மூலம் உள்நுழைக' பொத்தான்கள் பற்றி: பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்றை வைத்துக்கொண்டால் இந்த வசதிக்குத் தேவையே இல்லை.

படி 5: பிரவுசர்

கூகுள் சேவைகளுக்கு ஒரு பிரவுசர், மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று. இதைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. சஃபாரி 2020 முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை (நீங்கள் பார்க்கும் தளத்தைச் சேராத நிறுவனங்கள் உங்கள் பிரவுசரில் போட்டு வைக்கும் அடையாளத் துண்டுகளை) முழுதாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-இலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனிப் பெட்டியில் அடைக்கிறது. குரோமில் இவற்றை ஒழிப்பதாக 2020-இல் அறிவித்த கூகுள், பல முறை தள்ளிப்போட்டு, 2024-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வரும் நிறுவனத்திடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

குரோமின் 'இன்காக்னிட்டோ' முறை உங்கள் வீட்டாரிடமிருந்து மறைக்கும், தளங்களிடமிருந்து மறைக்காது. இதை வைத்து 2020-இல் தொடுக்கப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவோ அடையாளம் நீக்கவோ 2024-இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

ஒவ்வொரு தளத்திலும் வரும் குக்கீ அறிவிப்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிரவுசர் மட்டத்தில் தடுத்தால் அந்த நேரம் மிச்சம். அதேபோல, "என் படங்களைப் பயன்படுத்த இந்த நிறுவனத்துக்கு அனுமதி இல்லை" என்று ஸ்டேட்டஸ் போடுவது வருடாவருடம் சுற்றி வருகிறது. அதற்கு எந்தச் சட்ட மதிப்பும் கிடையாது.

படி 6: செய்திப் பரிமாற்றம்

வாட்ஸ்அப்பில் செய்தியின் உள்ளடக்கம் 2016 முதல் முழுக் குறியாக்கத்தில் இருக்கிறது (அனுப்பியவரும் பெற்றவரும் மட்டுமே படிக்க முடியும்), அதில் சந்தேகம் வேண்டாம். யார் யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி என்பது அந்தக் குறியாக்கத்துக்கு வெளியே. பேக்கப்பும் தானாக அதற்குள் வராது. 'சாட் பேக்கப்' பகுதியில் 'எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப்' என்பதை நீங்களே இயக்க வேண்டும். சிக்னல் என்ற இன்னொரு செய்தி ஆப்பிடம் நீதிமன்ற உத்தரவு போனபோது அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டு தேதிகள்தான்: கணக்கு தொடங்கியது, கடைசியாக இணைந்தது. சேர்த்து வைக்காததை யாரும் பறிக்க முடியாது. ஆனால் உங்கள் ஆட்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் இருந்தால் நீங்கள் மட்டும் சிக்னலுக்குப் போய் என்ன பேசுவது? நெருக்கமான இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போங்கள், போதும்.

படி 7: பாதுகாக்க வந்த இலவசங்கள்

இவ்வளவு படித்ததும் கை தானாக இலவச விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் ஆப்) தேடும். நில்லுங்கள். ஓனாவோ என்ற விபிஎன் ஆப்பைப் பேஸ்புக் 2013-இல் வாங்கியது. 'உங்கள் தரவைப் பாதுகாக்கும்' என்று விளம்பரப்படுத்தப்பட்ட அது, மக்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பேஸ்புக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2019-இல் மூடினார்கள். அவாஸ்ட் என்ற ஆன்ட்டிவைரஸ் நிறுவனம் பயனாளர்களின் பிரவுசிங் தரவைத் தன் துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக 2024-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அதனிடம் 1.65 கோடி டாலர் வாங்கியது. விபிஎன் என்பது உங்கள் போக்குவரத்து முழுவதையும் ஒரே நிறுவனத்தின் கையில் கொடுப்பது. காசு வாங்காமல் அதைச் செய்கிறவர் எதில் சம்பாதிக்கிறார் என்று தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

படி 8: ஏஐ

புதிய குழாய் இது. லிங்க்ட்இன் 2024-இல் பயனாளர் பதிவுகளை ஏஐ பயிற்சிக்கு எடுக்கும் ஸ்விட்சைப் பல நாடுகளில் கேட்காமலே 'ஆன்' நிலையில் வைத்தது. செட்டிங்ஸில் 'டேட்டா பிரைவசி' உள்ளே அதை அணைக்கலாம். சாட்ஜிபிடியில் 'டேட்டா கன்ட்ரோல்ஸ்' உள்ளே 'இம்ப்ரூவ் தி மாடல்' ஸ்விட்ச் இருக்கிறது. தேடுபொறியில் ரெண்டு சொல் தட்டுகிறவர் ஏஐ அரட்டையில் குடும்பச் சண்டையை முழுக் கதையாக எழுதுகிறார். சேர்க்கையே தேவையில்லை, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது.

படி 9: வெளியேறும் கதவு

எந்தக் கணக்கையும் இழக்கத் தயாராக இருக்க வேண்டும். 2021-இல் அமெரிக்காவில் ஒரு தந்தை, மருத்துவருக்கு அனுப்புவதற்காகத் தன் குழந்தையின் பிறப்புறுப்பில் இருந்த வீக்கத்தைப் படமெடுத்தார். கூகுளின் தானியங்கிச் சோதனை அதைச் சிறார் பாலியல் குற்றமாகக் குறித்தது. காவல்துறை விசாரித்துக் குற்றமில்லை என்று சொன்ன பிறகும் அவருடைய கணக்கு திரும்ப வரவில்லை. மெயில், படங்கள், தொடர்புகள் எல்லாம் போயின. எல்லாமே ஒரே இடத்தில் சேர்வதில் இப்படியும் ஒரு விலை உண்டு.

ஆகவே வருடத்துக்கு இரண்டு முறையாவது 'கூகுள் டேக்அவுட்' வழியாக மெயிலையும் படங்களையும் இறக்கி ஒரு வன்தட்டில் வையுங்கள். வங்கி, வரி, மருத்துவம் ஆகியவற்றுக்கான மெயிலை வேறொரு நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றுவது நல்லது. காசு கட்டிப் பயன்படுத்தும் சேவையாக இருந்தால் இன்னும் நல்லது.

பயன்படுத்தாத பழைய கணக்குகளை மூடும்போது வரிசை முக்கியம். முதலில் தரவைத் தரவிறக்குங்கள். அடுத்து, அந்தக் கணக்கை வைத்து உள்நுழையும் வேறு தளங்களில் தனிப் பாஸ்வேர்ட் அமைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவற்றிலும் நுழைய முடியாமல் போகும். அப்புறம்தான் அழிப்பு. பேஸ்புக்கில் 'டீஆக்டிவேட்' வேறு, 'டெலீட்' வேறு. முதலாவது கணக்கைத் தூங்க வைக்கும், தரவு அப்படியே இருக்கும். டெலீட் கொடுத்த பிறகு மனம் மாற 30 நாள் அவகாசம் உண்டு, முழுதாக நீக்க 90 நாள் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்த 30 நாளும் போனில் ஆப்பையும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டையும் எடுத்துவிடுங்கள். பழக்கத்தில் உள்ளே நுழைந்தால் 'ரத்து செய்யலாமா?' என்ற பொத்தான் முதல் ஆளாக நிற்கும்.